நிக்காத பஸ்ஸும் நிக்கிற போலீசும்

'கர்ணன்' படத்தை மூணு தடவை பார்த்திருக்கிறேன். 2021 ஏப்ரலில் தியேட்டரில் ஒரு தடவை. கொரோனா இரண்டாம் அலையில் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தப்போ செல்போனில் ஒரு தடவை. மூணாவது தடவை தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற எங்க தெருவில், பெரியய்யா வீட்டு டி.வி.யில். நல்ல சாரல். வேலைக்குப் போக வழியில்லாத இளவட்டப் பையன்கள் பத்துப் பதினைஞ்சு பேர் திண்ணையிலும் வாசலிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். கர்ணன் எஸ்.பி.யின் கழுத்தை அறுக்கிற இடத்தில் விசில் பறந்தது. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு குளிர்ச்சி. பொய் சொல்லக் கூடாது.

படம் முடிஞ்சு பையன்கள் கலைஞ்ச பிறகு பெரியய்யா கேட்டார்: "எல்லாஞ் சரிதாம்டே. அந்த எஸ்.பி. செத்தாம்லா, அவனுக்கப்புறம் ஒரு எஸ்.பி. வந்திருப்பாம்லா? அவன் எப்பிடி? அதக் காட்டலியே."

படத்தைப் பற்றி வந்த எழுத்துகளில் என் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தவன் நான். வன்முறையைத் தூண்டுகிறது என்று எழுதினவர்களும் உண்டு, தலித் அழகியல் என்று எழுதினவர்களும் உண்டு. பெரியய்யா கேட்ட கேள்வியை ஒருத்தரும் கேட்கலை. எனக்கும் தோணலை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மாரி செல்வராஜ் மேல் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அவர் படத்தை மதிக்கிறதால்தான் இவ்வளவு தூரம் கேட்கத் தோணுகிறது.

முதலில் படத்துக்குத் தெரிந்திருக்கிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பொடியங்குளத்துப் பெரியவர்கள் விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். எஸ்.பி. கண்ணபிரான் பெயர் கேட்கிறான். துரியோதனன் என்கிறார் ஒருத்தர். அபிமன்யு என்கிறார் இன்னொருத்தர். பஸ்ஸை உடைச்ச கோபத்தை விட அவனுக்கு இந்தப் பெயர்கள் மேல்தான் கோபம். மாடசாமி மகனுக்கு எப்படி இந்தப் பெயர் என்பதுதான் அவனுடைய விசாரணை. பிறகு அடி. அந்த அடி கூட லாக்கப்புக்குள் இல்லை, மொட்டை மாடியில்.

ஸ்டேஷனுக்குள் கால் வைத்த நம்மாளுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. ரைட்டர் முதலில் பெயரைக் கேட்பார். பிறகு அப்பன் பெயர். பிறகு ஊர். ஊரைச் சொன்னதும், "ஊர்ல எந்தத் தெரு?" எல்லா விசாரணையும் அந்த நாலாவது கேள்வியில் முடிந்துபோகும். மற்றதெல்லாம் எழுத்து வேலை. தமிழ் சினிமா போலீசை ஐம்பது அறுபது வருஷமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நாலாவது கேள்வியைக் காட்டின படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயசு. சீசன் சமயம் ஒரு சோடாக் கடையில் நிற்கிறேன். குளிக்க வந்த ஒரு குடும்பத்தின் செயின் காணோம். ஐந்து பையன்களை ஜீப்பில் ஏற்றினார்கள். அதில் நாலு பேர் எங்க தெரு. அஞ்சாவது பையன் அரைமணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விட்டான். எங்களை ஜட்டியோடு உட்கார வைத்திருந்தார்கள், ராத்திரி எட்டு மணி வரைக்கும். ஏட்டையா ஒருத்தர் மட்டும் டீ வாங்கிக் கொடுத்தார், அவரே ரெண்டு அறையும் கொடுத்தார். மறுநாள் செயின் அவர்கள் தங்கின லாட்ஜ் பாத்ரூமிலேயே கிடந்ததாம். எங்களைப் பிடித்ததற்கும் காகிதம் கிடையாது, விட்டதற்கும் காகிதம் கிடையாது. எந்த ஸ்டேஷன் என்று எழுதலை. எழுதினால் அந்த ஒரு ஸ்டேஷன்தான் அப்படி என்று ஆகிப்போகும். எங்கம்மை அன்னைக்கு ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது மட்டும் இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. "எம்புள்ள என்ன செஞ்சான்"னு கூட அவள் கேட்கலை. "எசமான், சாப்பிட்டானா"ன்னுதான் கேட்டாள்.

சரி, படத்துக்கு வருவோம். படத்தில் பஸ்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். பொடியங்குளத்தில் பஸ் நிற்காது. நடுரோட்டில் வலிப்பு வந்து ஒரு சிறுமி சாகிறாள், வண்டிகள் ஒதுங்கிப் போகின்றன. பிறகு கர்ப்பிணிப் பெண்ணுக்கு நிற்காமல் போகிற பஸ்மேல் ஒரு சின்னப் பையன் கல்லெறிகிறான். இதை வெறும் குறியீடு என்று எழுதினவர்கள் சென்னையில் உட்கார்ந்து எழுதினவர்களாக இருக்க வேண்டும். எங்க பக்கத்தில் பஸ் குறியீடு கிடையாது, வரலாறு.

1995 ஜூலைக் கடைசியில் வீரசிகாமணியில், இன்றைக்கு எங்க தென்காசி மாவட்டத்தில் இருக்கிற அதே வீரசிகாமணியில், ஒரு பஸ் டிரைவருக்கும் பள்ளிக்கூடப் பையன்களுக்கும் நடந்த தகராறில்தான் அந்த வருஷத் தென்மாவட்டக் கலவரம் பற்றிக்கொண்டது. அது ஊர் ஊராகப் பரவி, ஆகஸ்ட் 31ஆம் தேதி கொடியன்குளத்தில் போய் நின்றது. சுமார் 600 போலீஸ். வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைச்சு நாலு காசு சேர்த்த ஊர் அது. டி.வி.யை, மின்விசிறியை, டேப்ரிக்கார்டரை உடைத்தார்கள். பாஸ்போர்ட்டையும் படித்த சர்ட்டிபிகேட்டையும் கிழித்தார்கள். குடிதண்ணீர்க் கிணற்றில் விஷத்தைக் கலந்தார்கள். தேடுதல் வேட்டை என்று சொன்னார்கள். சர்ட்டிபிகேட்டுக்குள் எந்தக் குற்றவாளி ஒளிந்திருப்பான்?

1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் வந்தது. நம்மாள் பெயர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. மறுபடி கலவரம், மறுபடி சாவு. கடைசியில் அரசாங்கம் எல்லாத் தலைவர்கள் பெயரையும், மாவட்டங்களில் இருந்தும் போக்குவரத்துக் கழகங்களில் இருந்தும் எடுத்துப்போட்டது. அதே 1997 ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் கூட வந்தவர்களும் பஸ்ஸில் வரும்போது வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாதுகாப்பு கேட்டு மனு மேல் மனுவாகக் கொடுத்த மனுஷன் அவர்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தால் படத்தின் ஆண்டு விவகாரம் வேறு மாதிரி தெரியும். படம் வந்தபோது 1997 என்று போட்டிருந்தார்கள். கொடியன்குளம் நடந்தது 1995, அ.தி.மு.க. ஆட்சியில்; 1997 என்றால் பழி தி.மு.க.வுக்கு வருகிறதே என்று ஆட்சேபம் கிளம்பியது. ஆண்டு மாறியது. எந்த ஆட்சியில் எங்களை அடித்தார்கள் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை. எங்களுக்கு 1995ம் உண்டு, 1997ம் உண்டு, 1999ம் உண்டு. ஆட்சி மாறியது, ஸ்டேஷன் மாறலை. இந்த ஆண்டுச் சண்டையே பெரியய்யா கேள்விக்கு ஒரு பதில்தான். முந்தின எஸ்.பி. போனார், அடுத்த எஸ்.பி. வந்தார், 1999 ஜூலை 23இல் திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தொழிலாளிகளுக்காகப் போன ஊர்வலத்தை அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டினார்கள். 17 பேர். அதில் இரண்டு வயசுக் குழந்தையும் உண்டு.

விசாரணைக் கமிஷன் அறிக்கைகளையும் நாம் இலக்கியமாக எடுத்து வாசிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக எண்ணம். நாவலை, சினிமாவை எவ்வளவு நுணுக்கமாகக் கட்டுடைக்கிறோம், இதை ஏன் விடுகிறோம்? கொடியன்குளத்துக்கு நீதிபதி கோமதிநாயகம் கமிஷன். தாமிரபரணிக்கு நீதிபதி மோகன் கமிஷன். மோகன் கமிஷன் 17 பேரில் 11 பேர் தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள் என்றது. போலீசை அது குற்றவாளியாகக் காணவில்லை. 'மூழ்கி' என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். அதில் எழுவாய் செத்தவன்தான். அவனே போனான், அவனே மூழ்கினான். லத்தியைப் பிடிச்ச கை அந்த வாக்கியத்துக்குள்ளேயே வரவில்லை. ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படத்தில் அந்தக் கை இருக்கிறது. தண்ணிக்குள்ள தலை தெரிய நிற்கிற ஆட்கள் மேல் கரையிலிருந்து கல்லு விழுகிறது. ஒரே சம்பவத்துக்கு ரெண்டு பிரதி. அரசாங்க ஆவணம் ஒன்று, நம் ஆவணம் ஒன்று. எது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுபடி பெயருக்கு வருகிறேன். எஸ்.பி. கண்ணபிரானுக்குப் பெயர்மேல் வந்த கோபத்தைப் பார்த்தபோது எனக்கு மீனாட்சிபுரம் ஞாபகம் வந்தது. தென்காசியில் இருந்து கொஞ்ச தூரம்தான், பண்பொழிப் பக்கம் மலையடிவாரத்தில். 1980 கடைசியில் ஆதிக்கசாதிக்காரர்கள் ரெண்டு பேர் கொலையானார்கள். அதற்காகப் போலீஸ் சேரிக்குள் இறங்கியது. யார் செய்தார்கள் என்று விசாரிப்பதற்கு முன்னாலேயே யாரை அடிப்பது என்று முடிவாகியிருந்தது. ஏற்கனவே தலைமுறை தலைமுறையாக இருந்த அவமானத்தோடு இந்த அடியும் சேர்ந்துகொண்டது. 1981 பிப்ரவரி 19ஆம் தேதி சுமார் 180 குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போயின. ஊருக்கு ரகமத் நகர் என்று பெயரானது.

அதுக்கப்புறம்தான் தில்லிக்கே எங்க பக்கம் ஒரு ஊர் இருப்பது தெரிந்தது. மந்திரி வந்தார். வாஜ்பாயி வந்தார். ஆரிய சமாஜம் வந்தது, விசுவ இந்து பரிஷத் வந்தது. பத்திரிகைக்காரர்கள் கார் கட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எந்த நாட்டுப் பணம்? எவ்வளவு கொடுத்தான்? பெட்ரோல் பணம் என்ற கதையாடல் அப்படித்தான் பிறந்தது. ஸ்டேஷனில் என்ன நடந்தது என்ற கேள்வி கேட்கப்படாமல் இல்லை, தாழ்த்தப்பட்டோர் ஆணையத்தின் அதிகாரிகள் போலீஸ் தொந்தரவையும் ஒரு காரணமாக எழுதினார்கள். ஆனால் ஊடகத்துக்கு அது ருசிக்கவில்லை. நாடு பூராவும் மதமாற்றத்துக்குத் தடைச்சட்டம் வேண்டும் என்று கத்தினவர்கள், போலீஸ் அடிக்குத் தடைச்சட்டம் வேண்டும் என்று வாய் திறக்கலை.

பெரியய்யாவுக்கு அங்கே சொந்தக்காரர்கள் உண்டு. அவர் சொல்வார்: "பேர மாத்துனாம், தொப்பி போட்டாம். ஸ்டேஷன்ல போயி பேரக் கேட்டா இப்ப தெருவக் கேக்க முடியாதுல்லா." இது மதத்தைப் பற்றின ஆழமான கருத்து ஒன்றுமில்லை. ஆனால் நான் படித்த மீனாட்சிபுரம் பற்றிய கட்டுரைகளில் பலதைவிட இதில் விஷயம் இருக்கிறது. கர்ணன் வாளை எடுத்தான். மீனாட்சிபுரத்துக்காரர்கள் அந்தக் கேள்வியில் இருந்தே நழுவிப் போனார்கள். எங்க பகுதியில் இருந்து வருகிற ஒரு கலைஞனுக்கு இந்த இரண்டாவது கதை ஏன் கதையாகத் தோணவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன். இதில் ரத்தம் இல்லை, விசில் இல்லை. ஆனால் அரசாங்கம் கொடியன்குளத்துக்கு நடுங்கினதைவிட மீனாட்சிபுரத்துக்குத்தான் அதிகமாக நடுங்கியது.

தமிழ் சினிமாவில் போலீஸ் கதைக்கு ரெண்டே முடிவு. ஒன்று, கெட்ட அதிகாரி சாவான். இல்லாவிட்டால் நல்ல அதிகாரி வருவான். 'ஜெய் பீம்' ரெண்டாவது வகை. 1993இல் கடலூர் மாவட்டத்தில் நடந்த ராஜாக்கண்ணு வழக்கு அது. வக்கீலாக இருந்த சந்துரு நடத்தின உண்மையான ஆட்கொணர்வு வழக்கு. படத்துக்குள் ஐ.ஜி. பெருமாள்சாமி வருகிறார், நேர்மையாக விசாரிக்கிறார், நமக்கு மனசு ஆறுகிறது. செத்தவர் குறவர் சமூகத்தவர். படத்தில் இருளர் ஆக்கிவிட்டார்கள். பெயர் விஷயத்தில் நம் நண்பர்களுக்கும் கொஞ்சம் கை நீளம்தான். 'விசாரணை' இந்த ரெண்டிலும் சேராது. அதில் நல்லவனும் எந்திரத்துக்குள் சிக்கிச் சாகிறான். அதனால்தான் அது நம் மனசைத் தொந்தரவு செய்கிறது, விசிலடிக்க விடமாட்டேன் என்கிறது.

'கருக்கு' 1992இல் வந்தது. அதில் பாமா எழுதின போலீஸ் வேட்டையை நான் இதுக்கெல்லாம் மேலே வைப்பேன். ஆம்பளைகள் எல்லாரும் காட்டுக்கும் மலைக்கும் ஓடிவிட, ஊரில் பொம்பளைகள் மட்டும். அந்தச் சமயத்தில் ஒரு பிள்ளை செத்துப்போகிறது. பெத்த தகப்பன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சேலையைச் சுற்றிக்கொண்டு பொம்பளை வேஷத்தில் வருகிறான். அங்கே எஸ்.பி.யும் கிடையாது, கதாநாயகனும் கிடையாது. கழுத்தறுப்பதால் தீர்கிற கணக்கும் இல்லை. போலீஸ் என்பது அங்கே ஒரு ஆளாக வராமல் மழை வெயில் மாதிரி ஊர்மேல் கவிந்து கிடக்கிறது. புதுப்பட்டியில் நடந்ததை எழுதினார், எங்க தெருவில் நடந்ததாகவே நான் வாசித்தேன்.

'கர்ண'னில் ஒரு கதவு திறந்து, அப்படியே மூடிக்கொள்கிறது. அதைப் பற்றி யாரும் எழுதினதாகத் தெரியவில்லை. கர்ணனுக்கு மத்திய ரிசர்வ் போலீசில் வேலை கிடைக்கிறது. ஆர்டர் வருகிறது. ஊரே சேர்ந்து அனுப்பி வைக்கிறது. பாதி வழியில் திரும்பி வந்து எஸ்.பி.யைக் கொல்கிறான். சரி, திரும்பாமல் போயிருந்தால்? காக்கிச்சட்டை போட்ட கர்ணன் எங்கேயோ ஒரு வடக்கத்தி ஊரில், எவனோ ஒரு ஆதிவாசி வீட்டுக் கதவை உதைத்திருப்பானா, மாட்டானா? நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் போலீசில் இருக்கிறார்கள். 18 சதவீத இடஒதுக்கீட்டில் வந்தவர்கள். எங்க தெருவிலேயே ரெண்டு பேர். லீவுக்கு வந்தால் தெருமுனையில் நின்று பேசிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் ஸ்டேஷனில் என்ன பார்க்கிறார்கள், எந்த அடியில் கைகோர்க்கிறார்கள், எந்த அடியில் வெளியே போய் பீடி குடிக்கிறார்கள்? தலித் இலக்கியம் அவர்களிடம் சாட்சியம் வாங்கவில்லை. அவர்களும் கொடுக்கவில்லை.

உள்ளே இருந்து வருகிற சாட்சியம் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு எங்களுக்குப் பக்கத்திலேயே சாத்தான்குளம் இருக்கிறது. 2020 ஜூன். ஜெயராஜ், பென்னிக்ஸ், அப்பாவும் மகனும். ஊரடங்கில் கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தார்கள் என்று பிடித்துப்போனார்கள். மாஜிஸ்திரேட் விசாரிக்கப் போனபோது ஒரு போலீஸ்காரர் அவரையே மரியாதையில்லாமல் பேசினார். சி.சி.டி.வி. பதிவுகள் அன்றன்றைக்குத் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள். உயர்நீதிமன்றம் அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரச் சொன்னது. அன்றைக்குப் பணியில் இருந்த ஒரு பெண் ஏட்டு, பயந்து பயந்து, லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். சம்பளமும் பிள்ளை குட்டியும் உள்ள ஒரு பெண், கூட வேலை பார்க்கிறவர்கள் வெளியே நிற்கும்போது சொன்ன வார்த்தைகள் அவை. நான் பார்த்த எந்தத் தமிழ்ப் படத்திலும் அப்படி ஒரு பாத்திரம் இல்லை. ஐ.ஜி.யும் இல்லை, எஸ்.பி.யும் இல்லை. ஏட்டு.

அதே வேகத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சாத்தான்குளத்துக்குத் தமிழ்நாடே கடையடைத்தது. அடைக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு மாசம் கழித்து, 2020 ஜூலையில், கடையம் பக்கம் வாகைக்குளத்தில் வேலிக்கு மின்சாரம் வைத்தார் என்று வனத்துறை கூட்டிக்கொண்டு போன ஒரு வயசான விவசாயி பிணமாகத் திரும்பினார். எத்தனை கடை அடைத்தது? பெரியய்யா அன்னைக்கு டி.வி.யைப் பார்த்துவிட்டு, "காக்கி காக்கிதாம்ல, மரத்துக்குக் காவல் நின்னா என்ன, மனுசனுக்குக் காவல் நின்னா என்ன"ன்னார். 2023இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்குக் கொண்டுபோனவர்களின் பல்லைப் பிடுங்கியதாக ஒரு உதவிக் கண்காணிப்பாளர் மேல் குற்றச்சாட்டு வந்து வழக்கானது. ஐ.பி.எஸ். படித்த அதிகாரி. படித்த அதிகாரி வந்தால் மாறும் என்று நம்பினவர்கள் எங்களில் நிறையப் பேர்.

போலீசைச் சீர்திருத்த யாரும் வழி சொல்லாமல் இல்லை. பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 2006இல் ஏழு உத்தரவு போட்டது. அதிகாரிகளை இஷ்டத்துக்கு மாற்றாதே, விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் பிரி, போலீஸ்மேல் புகார் கேட்கத் தனி ஆணையம் வை என்றெல்லாம். தமிழ்நாடு 2013இல் ஒரு காவல் சீர்திருத்தச் சட்டம் போட்டது. அதில் மாநிலப் புகார் ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டரோடு எஸ்.பி.யே உட்கார்ந்திருப்பார். இதைப் பெரியய்யாவிடம் விளக்கினேன். ரொம்ப நேரம் சிரித்தார். "ஆட்டக் காணலன்னு நரிகிட்ட மனுக் கொடுக்கச் சொல்லுதானா?"

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 4ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. தன் கடமையைச் செய்யாத அரசு ஊழியருக்குத் தண்டனை. 2015 திருத்தத்தில் அந்தக் கடமை என்னவென்று வரி வரியாகவே எழுதிவிட்டார்கள். வாய்மொழியாகச் சொன்னதை எழுதி வாசித்துக் காட்ட வேண்டும், எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், நகலைக் கையில் கொடுக்க வேண்டும். எங்க ஊர்ப் பக்கம் இதை எல்லாரும் 'பி.சி.ஆர். கேஸ்' என்பார்கள். நம்மாள் பி.சி.ஆர். கொடுக்கப் போனால் என்ன நடக்கும்? முதலில் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கொடுத்து ரெண்டு நாள் அலைய விடுவார்கள். அதற்குள் எதிர்த்தரப்பில் இருந்து ஒரு புகார், கவுண்டர் கேஸ், வந்து சேரும். பிறகு ரெண்டு பேரையும் உட்கார வைத்துச் சமாதானக் கூட்டம். "நீயும் வாபஸ் வாங்கு, அவனும் வாபஸ் வாங்கட்டும்." அடி வாங்கினவனும் அடிச்சவனும் சமமாகிற இடம் எங்க நாட்டில் இது ஒன்றுதான். 4ஆவது பிரிவில் ஒரு அதிகாரி தண்டனை வாங்கினார் என்று எங்க தெருவில் நான் கேள்விப்பட்டதில்லை.

போலீசுக்கு நேர்மையாக நடக்கத் தெரியாது என்று நான் சொல்லலை. 2008 ஜனவரியில் தென்காசியில் ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்தது. அதுக்கு முந்தின வருஷம்தான் பழிக்குப் பழியாக வெட்டுக்குத்து நடந்து ஆறு உயிர் போயிருந்தது. ஊர் முழுக்க முஸ்லிம் தெருக்களைத்தான் பார்த்தது. போலீஸ் நிதானமாக விசாரித்து, இந்து அமைப்பைச் சேர்ந்தவர்களையே கைது செய்தது. அன்றைக்கு அவசரப்பட்டுப் பத்துப் பையன்களைப் பிடித்துப் போட்டிருந்தால் தென்காசி இன்னொரு கோயம்புத்தூர் ஆகியிருக்கும். 2022இல் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி நம் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரரின் வீடியோ வெளியே வந்தது. போலீஸ் கோர்ட்டுக்குப் போய், குற்றம்சாட்டப்பட்டவர்கள் சில மாசம் ஊருக்குள் வரக்கூடாது என்று உத்தரவு வாங்கியது. அந்தப் பிரிவு சட்டத்தில் 1989இல் இருந்தே இருக்கிறது. தமிழ்நாட்டில் அதை எடுத்துப் பயன்படுத்த 33 வருஷம் ஆனது. முடியும் என்று தெரிகிறது. முடியும் என்பதுதான் கூடுதலாகக் கோபம் வரவைக்கிறது.

வாச்சாத்தியில் 1992இல் நடந்த கொடுமைக்கு 2011இல் தீர்ப்பு வந்தது. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை, வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றிலும். 2023இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதைச் சாதித்தது நல்ல அதிகாரியோ வாள் எடுத்த வீரனோ இல்லை. பத்தொன்பது வருஷம் கோர்ட் படியேறின மலைவாழ் பெண்கள், அவர்களோடு நின்ற சங்கத்துக்காரர்கள்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்கிறேன், சும்மா பெயர் உதிர்க்க இல்லை. வடக்கு அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள் போலீசைத் தங்கள் போலீசாக நினைத்ததே கிடையாது. 1998 ஒப்பந்தத்துக்குப் பிறகு பேட்டன் கமிஷன் போட்டார்கள். அது 1999 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. இங்கே நாம் தாமிரபரணியில் பிணம் எடுத்து ரெண்டு மாசம். அவர்கள் 2001இல் அந்தப் படையின் பெயரையே மாற்றினார்கள், தொப்பியில் இருந்த சின்னத்தை மாற்றினார்கள். பத்து வருஷம் ஆளெடுப்பில் பாதிக்குப் பாதி கத்தோலிக்கர் என்று விதி வைத்தார்கள். 8 சதவீதமாக இருந்தவர்கள் 30 சதவீதம் ஆனார்கள். போலீஸ்மேல் வருகிற புகாரைப் போலீசில் சேராத தனி அலுவலகம் விசாரிக்கிறது. அங்கேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் அங்கே பெயர் மாறியது போலீசுக்கு. இங்கே மீனாட்சிபுரத்தில் பெயரை மாற்றிக்கொண்டது அடி வாங்கினவர்கள்.

குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் போலீஸ் அருவிக்குப் பக்கத்தில் விசிலோடு நிற்கும். ஆம்பளைக்குத் தனி வரிசை, பொம்பளைக்குத் தனி வரிசை. "குளிச்சது போதும், நகரு, நகரு." காரில் வந்தவனையும் பஸ்ஸில் வந்தவனையும் அதே விசில்தான் தள்ளும். சட்டையில்லாமல் துண்டோடு நிற்கிறவனிடம் எந்தத் தெரு என்று கேட்க அங்கே நேரம் கிடையாது. எனக்குத் தெரிந்து எங்களை ஊரில் எல்லாரையும் போல நடத்துகிற போலீஸ் அந்தத் தண்ணிக்குக் கீழே நிற்கிற போலீஸ்தான். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்.

'கர்ணன்' முடியும்போது அவன் ஜெயிலில் இருந்து திரும்புகிறான், ஊர் ஆடுகிறது. எனக்கு அந்த ஆட்டம் பிடிக்கும். அந்த ஊருக்குள் அடுத்து எவன் ஜீப்பில் வருவான், வந்து என்ன கேட்பான் என்று மாரி செல்வராஜ் ஒரு படம் எடுத்தால் பெரியய்யாவை நானே தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அவருக்கு இப்போது பார்வை சரியில்லை, காது நன்றாகக் கேட்கும். எங்க தெருமுனைக்குப் பஸ் வருகிறது. சில டிரைவர்கள் நிறுத்துகிறார்கள், சில பேர் பாலம் தாண்டிப் போய் நிறுத்துகிறார்கள், பெரியய்யா அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்.